கைத்தாங்கல்

ஜெயசீலனுக்குக் கோபம் வந்தது என்றால் அது ஒரு செய்தியே அல்ல. அவர் கோபப்படுவதைப் பார்ப்பதற்கென்றே நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். பதினான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து, அந்த வாரம் வந்த புது வீடியோ கேமை எடுத்துத் துவைத்துக் காயப்போடுவார். சேனலுக்குப் பெயர் ‘மூன்று உயிர்’. ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தப் புதன்கிழமை வந்த கோபம் வேறு ரகம். அதற்குக் கேமரா கிடையாது. பெரம்பூரில் ஒரு பிசியோதெரபி மையத்தின் முன்னறையில், மேசைமேல் ஒரு சான்றிதழை விரித்து வைத்து அதன்மேல் ஓங்கித் தட்டினார்.

“தொண்ணூத்தாறு சதவீதம்னு போட்டிருக்கு. இது யார் கையெழுத்தும்மா?”

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் மெர்லின். அங்கே பிசியோதெரபிஸ்ட், முப்பத்தைந்து வயது இருக்கும். “மார்க் போட்டது மெஷின் சார். கையெழுத்து என்னோடது.”

“அப்ப நேத்து என் பொண்டாட்டி கால்ல கொட்டின ரசத்துக்கு யார் கையெழுத்துப் போடுவாங்க?”

பக்கத்து நாற்காலியில் பிரமிளா வலது காலில் கட்டோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது. அதற்காக வாரம் மூன்று நாள் இந்த மையத்துக்கு வந்து ஒரு கேம் ஆடினாள். திரையில் தோட்டம் இருக்கும். கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றினால் பூ பூக்கும், பூத்தால் ‘அருமை பிரமிளா’ என்று ஒரு பெண் குரல் கொஞ்சும். போன வாரம் தொண்ணூற்றாறு வந்ததும் எல்லோரும் கைதட்டிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் தெம்பில் அவள் செவ்வாய்க்கிழமை அடுப்பிலிருந்து ரசப் பாத்திரத்தை இரண்டு கையாலும் இறக்கினாள். இடது கை பாதி வழியில் விட்டுவிட்டது.

“அந்த கேம்ல கைத்தாங்கல் இருக்கு. ஆமாவா இல்லையா?” என்றார் ஜெயசீலன்.

“எல்லாத்துலயும் இருக்கு சார். இப்ப அது இல்லாம எந்த கேமும் வர்றதில்லையே.”

அது உண்மைதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஜெயசீலனுக்கு உச்சந்தலை சூடாகிவிடும். 2033இல் ஒரு கம்பெனி கண்டுபிடித்தது. ஆடுகிறவனின் உள்ளங்கைச் சதை, நாடித் துடிப்பு, கண் போகும் திசை எல்லாவற்றையும் படித்து, அவன் தோற்கப்போகிறான் என்று தெரிந்தால் ஆட்டமே கொஞ்சம் இறங்கி வரும். பள்ளம் ஒரு விரற்கடை சுருங்கும், எதிரி அரை நொடி தாமதிப்பான். ஆடுகிறவனுக்குத் தெரியாது. தன் திறமை என்றே நினைத்துக்கொள்வான். எட்டு வருடமாக உலகத்தில் எந்தப் புது கேமிலும் ‘ஆட்டம் முடிந்தது’ என்று ஒரு திரை வந்ததில்லை.

“விளையாட்டுல ஏமாத்தினீங்க, தொலையட்டும்னு விட்டேன்,” என்றார். “வைத்தியத்துலயுமா?”

“ஏமாத்தறதுன்னு சொல்லாதீங்க சார்.” மெர்லினுக்கும் முகம் சிவந்தது. “நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இது கிடையாது. பத்துப் பேர் வந்தா ஆறு பேர் ரெண்டே மாசத்துல நின்னுடுவாங்க. கை வரல வரலன்னு அழுதுட்டே போவாங்க. இப்ப பத்துல ஒன்பது பேர் விடாம வர்றாங்க. ஆன்ட்டியைக் கேளுங்க, ஒரு நாள் லீவ் போட்டிருக்காங்களா?”

“வர்றாங்க, சரி. குணமாகறாங்களா?”

மெர்லின் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “கைத்தாங்கல் இல்லாம எவ்வளவுன்னு உள்ள இன்னொரு நம்பர் இருக்கும் சார். எங்களுக்குக் காட்டாது. பெரிய டாக்டர் எழுதிக் கேட்டாத்தான் கம்பெனி அனுப்பும். அவர் காரணம் இல்லாம எழுத மாட்டார்.”

“காலு வெந்தது காரணம் இல்லையா?” மறுபடியும் மேசையைத் தட்டினார். “எனக்கு அந்த நம்பர் வேணும். நோயாளிகிட்டப் பொய் சொல்றது கொலைக்குச் சமம். அவ கையைப் பத்தி அவளுக்குத் தெரிய வேணாமா?”

“ஏங்க, போதும்,” என்றாள் பிரமிளா.

“நீ சும்மா இரு.”

மெர்லின் சான்றிதழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கைத்தாங்கல் இல்லாத கேம் ஏதாவது கிடைச்சா, அதுல ஆன்ட்டியை ஆட வச்சு நானே குறிச்சுக்கறேன். அதைக் காட்டினா டாக்டர் எழுதுவார். ஆனா அப்படி ஒண்ணுக்கு எங்க போறது?”

ஜெயசீலன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். “என் வீட்டுக்கு வாம்மா.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருவதாக மெர்லின் சொல்லியிருந்தாள். எட்டரைக்கே ஜெயசீலன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பிரமிளா கொண்டுவந்து வைத்த காபி இருந்தது. இப்போதெல்லாம் அவள் டம்ளரில் கொடுப்பதில்லை, காது வைத்த பெரிய கப்பில் பாதிதான் ஊற்றுவாள். கேட்டால் உங்களுக்குக் காபி ஆகாது என்பாள்.

அவர் கையில் இருந்தது ஒரு மஞ்சள் கேசட். 1996இல் மூர் மார்க்கெட்டில் அப்பாவை நச்சரித்து வாங்கியது. மேலே பெரிதாக ‘99999’ ஆட்டங்கள் என்று போட்டிருக்கும், உள்ளே திரும்பத் திரும்ப நாற்பத்திரண்டுதான் வரும். அதில் முப்பத்தேழாம் நம்பர் ஆட்டத்துக்குப் பெயர் சீன எழுத்தில் இருந்ததால் தெருவில் எல்லோரும் ‘பாலம்’ என்றே சொன்னார்கள். தலையில் மூட்டையோடு ஒரு குள்ளன் நடப்பான். பலகைகள் விழுந்துகொண்டே இருக்கும் பாலங்களைத் தாண்ட வேண்டும். மூன்று உயிர், அவ்வளவுதான்.

இந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் அவர் சேனலில் முப்பது தடவை பேசியிருப்பார். ‘பழைய கேமுக்கு நீ யாருன்னே தெரியாது. உன் பேர் தெரியாது, உனக்கு இன்னிக்கு மனசு சரியில்லைன்னு தெரியாது. மூணாவது பாலத்துல நாலாவது பலகை எப்ப விழணுமோ அப்ப விழும். கலெக்டர் ஆடினாலும் அப்பதான், நான் ஆடினாலும் அப்பதான். அதுக்குப் பேர்தான் மரியாதை’ என்பார். பழையதெல்லாம் தங்கம் என்று சொல்கிற ஆளும் இல்லை. அதே கேசட்டில் இருபத்தொன்றாம் நம்பர் ஆட்டத்தில், எந்தத் திருட்டுப் பயலோ நான்காம் கட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு விற்றிருந்தான். ஜெயிக்கவே முடியாது. ஒரு கோடை விடுமுறை முழுக்க அதில் வீணாய்ப் போனது. ‘அதுவும் அயோக்கியத்தனம்தான். ஆனா எல்லாருக்கும் ஒரே அயோக்கியத்தனம்’ என்பார். புது கேம்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்ணுக்கு எட்டிய மட்டும் மலையும் கடலுமாக வரைந்து வைத்துவிட்டு, போகிற வழியெல்லாம் தலையில் பரிசைக் கொட்டி, களைப்பாக இருந்தால் நானே ஆடிக்கொள்கிறேன் என்கிற கேமை ஆடுவதற்குப் பதில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்பது அவர் கட்சி.

கல்யாணமான புதிதில் பிரமிளாவும் அவரோடு ஆடிப் பார்த்தாள். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவள் ஜெயித்ததில்லை. அவர் விட்டுக்கொடுத்தால்தானே. விட்டுக்கொடுத்து ஆடுவதைப்போல எதிராளிக்குச் செய்கிற அவமானம் வேறில்லை என்று அவளிடமே சொல்லியிருக்கிறார்.

அன்று காலையும் ஒரு உயிர்கூடப் போகாமல் ஆட்டத்தை முடித்தார். எண்பத்து நாலாயிரத்து முந்நூறு. இருபது வயதில் எடுத்த அதே ஸ்கோர்.

“பாத்தியா,” என்றார் பிரமிளாவிடம். “கேசட்டுக்குள்ள எவனும் கை வைக்க முடியாது.”

பிரமிளா கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மெர்லின் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். பிரமிளாவை டிவி முன்னால் உட்கார வைத்து, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தார்கள். இடது கட்டைவிரலில் குள்ளனை நடத்த வேண்டும், வலது கட்டைவிரலில் குதிக்க வைக்க வேண்டும். முதல் பலகையிலேயே விழுவாள் என்று ஜெயசீலன் நினைத்தார். அந்த நம்பருக்காகத்தானே இவ்வளவு பாடு.

பிரமிளா முதல் பாலத்தைத் தாண்டினாள். இரண்டாம் பாலத்தையும் தாண்டினாள். மூன்றாம் பாலத்தில் நான்காம் பலகை விழுவதற்கு ஒரு இமைப்பு முன்னால் குள்ளன் அழகாகத் துள்ளி அக்கரையில் நின்றான்.

மெர்லின் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “சார், இந்தக் கையால இது முடியாது.”

ஜெயசீலன் டிவி முன்னால் குனிந்தார். கேசட் அவருடையது. கேசட்டைப் போடுகிற பெட்டி மட்டும்தான் புதிது, பழைய பெட்டி மூன்று வருடத்துக்கு முன் புகைந்துபோனது என்பார், அதற்குப் பதில் பிரமிளா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. கூடவே இந்தக் கன்ட்ரோலரும் வந்தது. அதைப் பிரமிளா கையிலிருந்து பிடுங்கித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க மெஷின் பண்ற கம்பெனிதான்,” என்றாள் மெர்லின், அடியில் இருந்த சின்ன முத்திரையைக் காட்டி. “உள்ளங்கைல சதை அசையறதை வச்சு, நீங்க பட்டனை அழுத்தப் போறீங்கன்னு முன்னாடியே இதுக்குத் தெரிஞ்சிடும். உங்களுக்குப் பதிலா இதுவே நேரம் பாத்து அழுத்திடும். கேசட்ல யாரும் கை வைக்கல சார். உங்க கைலதான் வச்சிருக்காங்க.”

“திருட்டு ராஸ்கல்ஸ்,” என்றார் ஜெயசீலன். அதற்குமேல் அவர் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. பழைய ஆட்டக்காரர்களுக்கென்று விற்கிற பெட்டியிலேயே விஷத்தைக் கலந்திருக்கிறான், பன்னிரண்டு மணிக்குக் கிழித்துத் தொங்கவிடுகிறேன் பார் என்று கத்திக்கொண்டே ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் கையை விட்டுத் துழாவினார். வயர் வைத்த பழைய கன்ட்ரோலர் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. நிறம் பழுப்பேறியிருந்தாலும் பட்டன்கள் அமுங்கின.

“அது வேணாங்க,” என்றாள் பிரமிளா. “விடுங்க. அது ஓடாது.”

“ஏன் ஓடாது? இதுல மூளை கிடையாது, வெறும் வயர்.”

“வேணாம்னா வேணாம்.”

“பயப்படாத. விழுந்தா விழு. உண்மை தெரியட்டும்.”

பயம் தன் கையைப் பற்றியது அல்ல என்று அவள் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு ஆடினாள். முதல் பாலத்திலேயே குள்ளனை நிறுத்த முடியாமல் ஆற்றில் விட்டாள். இரண்டாவது உயிரும் அங்கேயே போனது. மூன்றாவதில் இரண்டு பலகை தாண்டி விழுந்தாள். திரை கறுப்பாகி, ‘ஆட்டம் முடிந்தது’ என்பதை ஆங்கிலத்தில் காட்டியது.

“எழுதிக்கோம்மா,” என்றார் ஜெயசீலன். குரலில் வெற்றி இருந்தது. “இதுவா தொண்ணூத்தாறு? இதைக் கொண்டுபோய் உன் டாக்டர் மூஞ்சில காட்டு.”

“காட்டறேன் சார். ஆனா ஒப்பிட்டுச் சொல்ல நல்லா இருக்கற ஒரு கை வேணும். நீங்க ஒரு தடவை ஆடுங்க, அதையும் குறிச்சுக்கறேன்.”

அவர் வயர் கன்ட்ரோலரை வாங்கி, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முதல் பாலம் போனது. இரண்டாவதில் கடைசிப் பலகையில் தப்பித்தார். மூன்றாவதில் விழுந்தார்.

“பட்டன்ல தூசி,” என்றார். வாயால் ஊதினார். மறுபடி ஆடினார். அதே பலகை, அதே ஆறு. நாற்பத்தைந்து வருடப் பழக்கத்தில் எப்போது அழுத்த வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. மனசு அழுத்திவிட்டது, கட்டைவிரல் பின்னால் வந்தது. மூன்றாம் உயிர் போனபோது அவர் தூசியைப் பற்றிப் பேசவில்லை.

மெர்லின் திரையைப் பார்க்கவில்லை. மடியில் சும்மா கிடந்த அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல், பீடி சுருட்டுகிற மாதிரி தானாக ஆடிக்கொண்டிருந்தது.

“சார், கையைக் கொஞ்சம் குடுங்க.” மணிக்கட்டைப் பிடித்துக் கையை மெல்ல மடக்கி நீட்டினாள். முழங்கை விட்டு விட்டு இறுகியது. “இந்த நடுக்கம் எத்தனை நாளா இருக்கு?”

“எது எத்தனை நாளா?”

“மூணு வருஷமா,” என்றாள் பிரமிளா.

ஜெயசீலன் திரும்பினார். மெர்லினும் திரும்பினாள்.

“பழைய பெட்டி புகைஞ்சு போகல,” என்றாள் பிரமிளா. “நீங்க மூணாவது பாலத்துல விழுந்துட்டு, தூக்கி எறிஞ்சீங்க. ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. ராத்திரி தனியா உக்காந்து அழுதீங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்க. காபி டம்ளரைக் கையில எடுத்தா சட்டையெல்லாம் கொட்டுச்சு. கடையில போய்க் கேட்டேன், கை கொஞ்சம் முன்னபின்ன இருக்கறவங்க ஆடற மாதிரி ஏதாவது இருக்கான்னு. இதைக் குடுத்தாங்க. வாங்கிட்டு வந்தேன்.”

“நீயா?”

“நான்தான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான். ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நாலு தடவை கூப்பிட்டேன். என்ன சொன்னீங்க? டிவியைக் காட்டி, எண்பத்து நாலாயிரம் பாரு, நடுங்கற கைக்கு இது வருமான்னு கேட்டீங்க. நான் வாங்கிக் குடுத்த பொய்யையே என்கிட்டச் சாட்சி காட்டினீங்க. அப்ப நான் எந்த வாயால உண்மையைச் சொல்றது?”

ஜெயசீலன் எழுந்தார். அந்தப் புதுக் கன்ட்ரோலரை எடுத்து, சுவரில் அடிப்பதற்குக் கையை ஓங்கினார்.

“சார், உடைக்காதீங்க,” என்றாள் மெர்லின். “அதுக்குள்ள மூணு வருஷ நம்பர் இருக்கு. கைத்தாங்கல் இல்லாத நம்பர். வீட்டு மாடல்ல வாங்கினவங்க கேட்டா காட்டணும்னு சட்டம். டாக்டருக்கு அது வேணும். இன்னிக்கு ஆன்ட்டி பிடிச்சதால அவங்க நம்பரும் அதுல இருக்கும்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “பாக்கறீங்களா?” என்றாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. மெல்ல இறங்கியது. “இன்னொரு நாள் பாக்கலாம்,” என்றார்.

பிரமிளா கட்டுப் போட்ட காலை ஊன்றி எழுந்தாள். இந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து அவர் கேட்டதில்லை. “புதன்கிழமை என் நம்பரைக் கேட்டு மேசையைத் தட்டினீங்களே. நோயாளிகிட்டப் பொய் சொன்னா கொலைன்னீங்க. என் கையைப் பத்தி எனக்குத் தெரிய வேணாமான்னு கத்துனீங்க. இப்ப தட்டுங்க. பதினாலு வருஷமா தோக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, வீட்டுக்குள்ள ஒரு தடவை தோத்துக் காட்டுங்க.”

அவர் தட்டவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. கம்பெனிமேலா, இவள்மேலா, அந்தக் கட்டைவிரல்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்று வருடம். ஒவ்வொரு ஞாயிறும் ஜெயித்தது எல்லாம் பொய். அதை வைத்துக்கொண்டு ஊரையே திட்டியிருக்கிறார்.

“வாங்கினது நான். நான் கேக்கறேன், காட்டு மெர்லின்,” என்றாள் பிரமிளா.

மெர்லின் பட்டன்களை அழுத்தி எங்கெங்கோ போனாள். திரையில் இரண்டு பெயர் வந்தது. ஆள் ஒன்று, ஆள் இரண்டு. ஆள் ஒன்றுக்கு நேராக ஒரு கோடு. முதல் நாள் எழுபத்தொன்று. அதிலிருந்து ஞாயிறு ஞாயிறாக ஒரு புள்ளி, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கீழே. அவர் முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்ற மாதம் அறுபத்திரண்டு. கடைசிப் புள்ளி, அன்று காலை எட்டரை மணிக்கு, முப்பத்தெட்டு.

“அறுபத்திரண்டுல வந்திருந்தா...” என்று ஆரம்பித்த மெர்லின், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஆள் இரண்டுக்கு நேராக ஒரே ஒரு புள்ளிதான். நாற்பத்து நாலு. தொண்ணூற்றாறு என்று சான்றிதழ் வாங்கிய கை. பிரமிளா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் வரவில்லை.

மணி பன்னிரண்டு. மூலையில் இருந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்து, நாற்பதாயிரம் பேர் காத்திருப்பதாகக் காட்டியது. ஜெயசீலன் போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

“நாப்பத்தி நாலு,” என்றார். கோபம் இன்னும் போகவில்லை, அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். “முப்பத்தெட்டு. நீ ஜெயிச்சுட்ட.”

“ஆமா,” என்றாள் பிரமிளா. அவளுக்கும் கோபம் போகவில்லை.

மெர்லின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பினாள். “நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ரெண்டு டோக்கன் போடறேன். பெரிய டாக்டர் ரெண்டு பேரையும் பாக்கட்டும். முதல்ல யாரு?”

“நான்தான்,” என்றாள் பிரமிளா.